முகாமில் உறங்கும்போது தாக்கப்பட்டால்: ஆர்பிஜி விளையாட்டுகளுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

சுரங்கத்தின் இரண்டாம் தளத்தில் மூன்று சண்டைகளை முடித்துவிட்டீர்கள். முன்வரிசை வீரருக்குப் பாதி உயிர்கூட இல்லை, மந்திரவாதியின் நினைவில் ஒரு மந்திரமும் மிச்சமில்லை. சுற்றிலும் எதிரி எவரும் தெரியாததால் ஓய்வுப் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரை இருள்கிறது, ஆனால் எட்டு மணி நேரம் கழிந்து விடிவதற்குப் பதிலாக, இடையிலேயே வெளிச்சம் திரும்பி, மந்திரவாதிக்கு நான்கடி தூரத்தில் அரை டஜன் கோபோல்டுகள் என்ற குள்ள அரக்கர்கள் வில்லை நாணேற்றி நிற்கிறார்கள். ஆட்டக்காரர்கள் 'ரேண்டம் என்கவுன்டர்' என்று அழைக்கும் எதிர்பாரா மோதல்களில் மிகக் கடுமையான வகை இதுதான். ஏனெனில், வழியில் நடக்கும் மோதல் உங்களை ஓரளவு தயாரான நிலையில் சந்திக்கிறது. முகாமில் நடக்கும் மோதலோ நீங்கள் மிகவும் களைத்திருக்கும் நேரத்தைத் தேடி வருகிறது.

இந்தக் கட்டுரை ஆர்பிஜி, அதாவது பாத்திரமேற்று ஆடும் வகை விளையாட்டுகளை அண்மையில் ஆடத் தொடங்கியவர்களுக்காக எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் பால்டர்ஸ் கேட் விளையாட்டிலிருந்து எடுக்கிறேன். 1998 டிசம்பரில் பயோவேர் நிறுவனத்தின் உருவாக்கமாக வெளிவந்து, 2012இல் பீம்டாக் நிறுவனத்தால் மேம்பட்ட பதிப்பாக மீண்டும் வந்த அந்த விளையாட்டில், ஓய்வின் ஆபத்து மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. இன்றைக்கு டேப்லெட்டிலும் அதை ஆட முடிகிறது. அதன் பிறகு, இதே சிக்கலை வேறு வழிகளில் கையாளும் இரண்டு மூன்று விளையாட்டுகளையும் பார்ப்போம். கட்டுரை முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகும் அறிவுரை ஒன்றே: இன்னும் ஒரு சண்டையைத் தாங்கும் பலம் குழுவிடம் இருக்கும்போதே படுக்க வேண்டும்.

இந்த இடையூறு ஏன் வைக்கப்பட்டிருக்கிறது

படிகளுக்குப் போவதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. புரிந்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில், மந்திரவாதி காலையில் மனத்தில் ஏற்றிக்கொண்ட மந்திரங்களைப் பயன்படுத்திவிட்டால், மீண்டும் உறங்கி எழுந்த பிறகே அவற்றைத் திரும்பப் பெற முடியும். உறக்கத்துக்கு விலை ஏதும் இல்லாவிட்டால், குழுவினர் ஒவ்வோர் அறையிலும் ஒரு சண்டை போட்டுவிட்டு, அங்கேயே படுத்து எழுந்து, முழுப் பலத்துடன் அடுத்த அறைக்குப் போவார்கள். அப்போது எந்தக் குகையும் ஆபத்தான இடமாக இருக்காது. ஆகவே, அந்த விளையாட்டின் முதல் விதிநூல்களிலேயே 'அலையும் அரக்கர்கள்' இடம்பெற்றார்கள். குகைக்குள் கழியும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஆட்டத்தை நடத்துபவர் ஆறுபக்கப் பகடையை உருட்டுவார். ஆறு விழுந்தால் ஏதோ ஒன்று அவர்களை நோக்கி வருகிறது என்று பொருள். இந்த வழக்கம் அப்படியே கணினிக்கும் வந்தது. 1988இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் வெளியிட்ட பூல் ஆஃப் ரேடியன்ஸ் விளையாட்டிலேயே, முகாமிட்டுப் படுத்த குழுவின் உறக்கம் பாதியில் கலைக்கப்படுவது உண்டு.

பகடையின் கணக்கைச் சற்று கவனியுங்கள். ஓர் இரவை மூன்று சாமங்களாகப் பிரித்து, சாமத்துக்கு ஒருமுறை உருட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சாமம் அமைதியாகக் கழிய ஆறில் ஐந்து வாய்ப்பு இருக்கிறது என்பதால், ஆபத்து மிகக் குறைவு என்றே தோன்றும். ஆனால், மூன்று சாமங்களும் அடுத்தடுத்து அமைதியாகக் கழிவதற்கான வாய்ப்பு 216இல் 125, அதாவது ஏறத்தாழ 58 விழுக்காடு மட்டுமே. ஐந்து இரவுகளில் இரண்டு இரவுகள் கலையும். புதியவர்கள் "எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்: சிறிய வாய்ப்பு பலமுறை சோதிக்கப்படும்போது அது சிறியதாக இருப்பதில்லை.

முதல் படி: உங்கள் விளையாட்டின் ஓய்வு விதியை அறிந்துகொள்ளுங்கள்

எல்லா விளையாட்டுகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால், எந்தக் குகைக்குள்ளும் இறங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். ஓய்வு கலைக்கப்படக்கூடியதா? ஓய்வுக்குக் கட்டுச்சோறு, விறகு போன்ற பொருள் ஏதும் செலவாகிறதா? ஓய்வெடுக்கும்போது கழியும் நேரத்தைக் கதை கணக்கில் கொள்கிறதா?

பால்டர்ஸ் கேட் விளையாட்டில் முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை', மூன்றாவதற்கு 'சில இடங்களில் மட்டும்' என்பது விடை. எட்டு மணி நேரம் குறுக்கீடு இல்லாமல் உறங்கினால்தான் மந்திரங்கள் திரும்பும். ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று தனித்தனி தாக்குதல் வாய்ப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. எந்த உயிரினம் வரும் என்பதும் பகுதிக்குப் பகுதி மாறும்: நாஷ்கெல் சுரங்கத்தில் கோபோல்டுகள், குளோக்வுட் காட்டில் சிலந்திகள், திறந்த வெளிகளில் ஓநாய்களும் ஜிப்பர்லிங் என்ற சிறு அரக்கர் கூட்டங்களும். ஆகவே, பகலில் அந்தப் பகுதியில் எதனுடன் மோதினீர்களோ, இரவில் அதுவே படுக்கைக்கு வரும் என்று எதிர்பார்ப்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கதைநேரத்தைப் பொறுத்தவரை, முதன்மைக் கதைக்குக் கெடு இல்லையென்றாலும் கூட்டாளிகளின் பொறுமைக்குக் கெடு உண்டு. மின்ஸ்க் என்ற வீரன் தன் தோழியை மீட்க உங்கள் உதவியைக் கேட்டுச் சேர்கிறான். நாள்கணக்கில் காலம் கடத்தினால் அவன் உங்களுடன் நிற்கமாட்டான். ஜஹீரா, காலிட் என்ற வேறு இரு கூட்டாளிகளும்கூட நாஷ்கெல் போகத் தாமதிப்பதைப் பொறுப்பதில்லை. எட்டு எட்டு மணி நேரமாகத் தூங்கித் தூங்கி முன்னேறுபவர்களுக்கு இந்தக் கெடு எதிர்பார்த்ததைவிட விரைவில் வந்துவிடும்.

இரண்டாம் படி: எப்போது படுப்பது என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை, எல்லாம் தீர்ந்த பிறகு படுப்பது. நானும் முதல் தடவை அப்படித்தான் ஆடினேன். நாஷ்கெல் சுரங்கத்தின் அடித்தளங்களில் ஒன்றில், கடைசி மந்திரத்தையும் கடைசி மருந்தையும் செலவிட்டுவிட்டு நிம்மதியாக ஓய்வுப் பொத்தானை அழுத்தினேன். அம்புமழையில் ஆறு பேரில் நான்கு பேரை இழந்தேன். முந்தைய சேவ், அதாவது ஆட்டத்தைக் கடைசியாகச் சேமித்த இடம், இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் இருந்தது. அன்று தவறு சண்டையில் நடக்கவில்லை. சண்டைக்குப் பத்து நிமிடம் முன்னால், இன்னும் ஓர் அறையைப் பார்த்துவிடலாம் என்று எண்ணிய இடத்திலேயே அது நடந்துவிட்டது.

ஆகவே, குழுவின் பலத்தை அளக்கும்போது 'எவ்வளவு மிச்சம் இருக்கிறது' என்று கேட்காமல், 'இப்போதே இன்னொரு கூட்டம் வந்தால் சமாளிப்போமா' என்று கேளுங்கள். பால்டர்ஸ் கேட் தொடக்க நிலைகளில் இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: கூட்டத்தைத் தடுத்து நிறுத்தும் மந்திரம் ஒன்றாவது மந்திரவாதியிடம் மிச்சமிருக்க வேண்டும், முன்வரிசையில் இருவராவது பாதி உயிருக்கு மேல் வைத்திருக்க வேண்டும், வில்லாளர்களிடம் அம்பு இருக்க வேண்டும். முதல் நிலை மந்திரவாதிக்கு ஒன்றிரண்டு மந்திரங்களே கிடைக்கும் என்பதால், 'ஸ்லீப்' என்ற உறக்க மந்திரத்தை முதல் சண்டையிலேயே செலவிடாமல், அதை ஓய்வுக்கான காப்பாக வைத்திருப்பது பயனுள்ள பழக்கம். தாழ்ந்த நிலை எதிரிகள் கூட்டமாக வரும்போது இதைப் போல உதவும் மந்திரம் அந்தக் கட்டத்தில் வேறு இல்லை.

மந்திரக்கோல்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மந்திரக்கோலின் ஆற்றல் மந்திரவாதியின் நினைவில் ஏற்றப்பட்டவற்றைச் சார்ந்ததன்று. மனத்தில் ஒன்றுமே இல்லாத நிலையிலும் அது வேலை செய்யும். புதியவர்கள் பலர் அதை அரியபொருளாகக் கருதி இறுதிவரை பையிலேயே பூட்டிவைக்கிறார்கள். நள்ளிரவுத் தாக்குதலுக்கென்றே செய்யப்பட்ட கருவி என்று அதைக் கருதி, உடனே எடுக்கக்கூடிய இடத்தில் பொருத்திவைத்துவிட்டுப் படுங்கள்.

மறுபுறம், அளவுக்கு மீறி விழித்திருப்பதும் ஆகாது. ஏறத்தாழ ஒரு முழு நாள் உறக்கமில்லாமல் கழிந்தால் பாத்திரங்கள் தாங்களாகவே களைப்பைச் சொல்லத் தொடங்குவார்கள். அதன் பிறகு அவர்களது அடிகள் தவறத் தொடங்கும். ஒரு நிலப்பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்வதிலேயே பல மணி நேரம் கழிந்துவிடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: எங்கே படுப்பது

சத்திரம் இருக்கும் ஊர் எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போய்ப் படுப்பதே சிறந்தது. வாடகை அறைகளில் உறக்கம் கலைவதில்லை என்பதோடு, அறையின் தரம் உயர உயர ஓர் இரவில் திரும்பும் உயிர்ப்புள்ளிகளும் கூடுகின்றன. வெளியில் படுத்தால் இயல்பாகத் திரும்புவது மிகச் சொற்பம். நாஷ்கெல், பெரெகாஸ்ட், ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரம் ஆகிய மூன்றும் தொடக்க நாள்களில் உங்கள் ஊன்றுகோல்கள். ஓர் எச்சரிக்கை மட்டும்: அறை பாதுகாப்பானது என்பதால் சத்திரத்தின் வாசற்படியும் பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம். ஃப்ரெண்ட்லி ஆர்ம் படிக்கட்டில் உங்களுக்காகவே ஒருவன் காத்திருக்கிறான். குற்றுயிராக அங்கே போய்ச் சேர்ந்து, அறைக்குள் நுழைவதற்கு முன்பே மாண்ட குழுக்கள் ஏராளம்.

சத்திரத்துக்குத் திரும்ப முடியாத ஆழத்தில் இருக்கிறீர்கள் என்றால், இடத்தைத் தேர்வு செய்வதில் இரண்டு நோக்கங்கள் இருக்க வேண்டும். வருபவர்கள் குறைந்த திசைகளிலிருந்தே வரமுடிய வேண்டும். நீங்கள் தப்பிக்க வேண்டுமானால் வழி திறந்திருக்க வேண்டும். திறந்த வெளியின் நடுவில் படுப்பதைவிட, ஏற்கெனவே சுத்தம் செய்த சிறிய அறையிலோ, மேல்தளத்துக்குப் போகும் படிக்கு அருகிலோ படுப்பது நல்லது. தப்பி ஓடுவதை இழுக்காகக் கருதாதீர்கள். படி அருகில் இருந்தால், ஆறு பேரும் தளம் மாறிவிட்டுத் தொடர்ந்து வரும் ஒன்றிரண்டு எதிரிகளை மட்டும் தனித்துச் சந்திக்கலாம். பொறிகள் அகற்றப்படாத பாதையில் படுப்பதைத் தவிர்க்க வேண்டும். கலவரத்தில் ஓடும்போது அவற்றை நீங்களே மிதிப்பீர்கள்.

அருகில் எதிரி இருந்தால் இந்த விளையாட்டு ஓய்வெடுக்க அனுமதிப்பதில்லை. 'இப்போது ஓய்வெடுக்க முடியாது' என்ற செய்தி வந்தால் அதைத் தடையாக மட்டும் பார்க்காமல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏதோ இருக்கிறது என்ற தகவலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கண்மூடும் முன் செய்ய வேண்டியவை

முதலில் சேவ் செய்யுங்கள். இதை விடக்கூடாது. ஒரே இடத்தில் மேலெழுதாமல் இரண்டு மூன்று சேவ்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. ஏனெனில், எந்த நிலையில் படுத்தாலும் பிழைக்க முடியாத இடத்தில் சேவ் செய்துவிட்டால், அந்த ஒரு சேவ் உங்களைக் காப்பாற்றாது.

அடுத்து, குருமாரிடம் மிச்சமிருக்கும் குணப்படுத்தும் மந்திரங்களைப் படுக்கும் முன்பே முன்வரிசை வீரர்கள் மீது செலவிட்டுவிடுங்கள். விடிந்ததும் அவை எப்படியும் திரும்பி வரப்போகின்றன. செலவிடாமல் படுத்தால் அவை வீண். தாக்குதலையும் தடுப்பையும் சார்ந்த மந்திரங்களை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பலம் மிச்சம் வைக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை: உயிர்ப்புள்ளியாக மாற்றப்பட்ட மந்திரமும் மிச்சம் வைத்த பலம்தான், அதுவும் தூக்கத்திலிருந்து எழுந்த அடுத்த நொடியே பயன்படும் பலம்.

நாளைக்கு வேண்டிய மந்திரங்களைத் தேர்வு செய்வதும் இப்போதே நடக்க வேண்டும். மந்திரப் புத்தகத்தில் நீங்கள் செய்யும் மாற்றம் அடுத்த முழு ஓய்வுக்குப் பிறகே கைக்கு வரும். எழுந்த பிறகு மாற்றினால் இன்னொரு முறை படுக்க வேண்டியிருக்கும். அதாவது இன்னொரு முறை பகடை உருளும்.

இறுதியாக, குழுவை நிறுத்தும் முறை. ஓய்வுப் பொத்தானை அழுத்தும்போது யார் எங்கே நிற்கிறாரோ, கண்விழிக்கும்போதும் அங்கேயே நிற்பார். பலரும் ஒரு சண்டை முடிந்த அலங்கோலமான நிலையிலேயே, மந்திரவாதி வாசலில், கவச வீரர் சுவரோரம் என்று படுத்துவிடுகிறார்கள். அரை நிமிடம் செலவிட்டு, மெல்லிய உடல் கொண்டவர்களைச் சுவரை ஒட்டியும், கவசம் அணிந்தவர்களை வாசலை நோக்கியும் நிறுத்துங்கள். ஒருவரோடு ஒருவர் மிக நெருக்கமாகவும் வேண்டாம். வீரர் நகர இடம் இல்லாமல் பாதையில் சிக்கிக்கொள்வது இந்த விளையாட்டில் அடிக்கடி நடக்கும். வில்லாளர் கையில் வில்லும், நெருங்கிச் சண்டையிடுபவர் கையில் வாளும் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கண்விழித்த முதல் நொடிகள்

வெளிச்சம் திரும்பிய அந்தக் கணமே இடைநிறுத்தப் பொத்தானை அழுத்துங்கள். கணினியில் அது இடைவெளி விசை. அமைப்புகளில் 'எதிரி தென்பட்டால் தானாக நிறுத்து' என்ற வசதி இருக்கிறது. அதை ஆட்டத்தின் முதல் நாளிலேயே இயக்கிவையுங்கள். நிறுத்திய பிறகு அவசரப்படாமல் திரையைச் சுற்றிப் பாருங்கள். எத்தனை பேர், எந்தத் திசை, யார் அம்பு விடுபவர், நம்மவரில் யாருக்கு மிக அருகில் இருக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகே கட்டளை கொடுக்க வேண்டும்.

மந்திரவாதிக்கு அருகிலேயே எதிரி நின்றால் அவரை மந்திரம் சொல்லத் தொடங்கச் செய்யாதீர்கள். மந்திரத்தை உச்சரிக்கும்போது ஓர் அடி விழுந்தாலும் அது கலைந்து வீணாகும். முதலில் அவரை நகர்த்துங்கள், அவருக்கும் எதிரிக்கும் நடுவே வீரரை நிறுத்துங்கள், அதன் பிறகு மந்திரம். எதிரிகள் படுக்கையருகிலேயே தோன்றுவதால், நெருப்புக்கோளம் போன்று பரந்து வெடிக்கும் மந்திரங்களும் இந்தச் சண்டையில் பெரும்பாலும் பயன்படா; நெருப்புக்கோளம் நண்பர், பகைவர் என்று பார்ப்பதில்லை. பகலில் உங்களுக்கு வெற்றி தேடித்தந்த மந்திரம் இரவில் உங்களையே எரிக்கக்கூடும் என்பதால், ஓய்வுக்காக மிச்சம் வைக்கும் மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாரை முதலில் வீழ்த்துவது என்ற கேள்விக்கு என் விடை: தொலைவிலிருந்து தாக்குபவரை. வாளேந்தி வருபவனை ஒரு கவச வீரர் தடுத்து நிறுத்த முடியும். வில்லேந்தியவனோ யாரையும் கடந்து வராமலேயே உங்கள் மந்திரவாதியைக் கொல்வான். உங்கள் வில்லாளர் அனைவரும் சேர்ந்து ஒரே இலக்கைத் தாக்கட்டும். ஆறு அம்புகள் ஆறு பேரைக் காயப்படுத்துவதைவிட, ஆறும் சேர்ந்து ஒருவனை வீழ்த்துவது அடுத்த சுற்றில் உங்கள் மீது வரும் அம்புகளில் ஒன்றையாவது குறைக்கும்.

ஆறாம் படி: மோதல் முடிந்த பிறகு

வென்றுவிட்டீர்கள், ஆனால் மந்திரங்கள் திரும்பவில்லை. இப்போது அதே இடத்தில் மறுபடியும் படுக்கலாமா? ஒருமுறை தாக்குதல் நடந்துவிட்டதால் அடுத்த முறை நடக்காது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பகடைக்கு நினைவாற்றல் கிடையாது. அந்தப் பகுதியின் வாய்ப்பு முன்பு எவ்வளவு இருந்ததோ, இப்போதும் அவ்வளவே இருக்கிறது; குறைந்தது உங்கள் பலம் மட்டும்தான். ஆகவே இரண்டாம் படியில் சொன்ன அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள். இன்னொரு கூட்டத்தைச் சமாளிக்க முடியுமென்றால் அங்கேயே படுங்கள். முடியாதென்றால் தளம் ஏறி வெளியேறி, ஊர்ச் சத்திரத்துக்கு நடங்கள். இரண்டு முறை தொடர்ந்து உறக்கம் கலைந்த இடத்தில் மூன்றாம் முறை படுப்பதில்லை என்பதை நான் எனக்கே விதியாக வைத்திருக்கிறேன்.

தாக்குதல் நடந்தவுடன் பழைய சேவுக்குத் திரும்பி, தாக்குதல் நடக்காத இரவு கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயல்வது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். உங்கள் விளையாட்டு, உங்கள் நேரம். தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. குழு முழுவதும் மாண்டால் திரும்புவதில் எனக்கும் தயக்கம் இல்லை. ஆனால், வெல்லக்கூடிய சண்டையையும் தவிர்ப்பதற்காகத் திரும்பினால், முகாமை அமைக்கும் கலையைக் கற்கும் வாய்ப்பு போய்விடுகிறது. வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளும் போகின்றன. தொடக்கத்தில் இரண்டு மூன்று இரவுத் தாக்குதல்களையாவது கடைசிவரை ஆடிப்பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காவல் வைக்கும் விளையாட்டு: பாத்ஃபைண்டர் கிங்மேக்கர்

அவுல்கேட் நிறுவனம் 2018 செப்டம்பரில் வெளியிட்ட பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர், முகாமை ஒரு பொத்தானாக விட்டுவிடாமல் வேலைப் பங்கீடாகவே மாற்றியிருக்கிறது. அங்கே முகாமிடும்போது வேட்டைக்கு யார், சமையலுக்கு யார், முகாமை மறைத்துவைக்க யார், முதல் காவலுக்கும் இரண்டாம் காவலுக்கும் யார் என்று நீங்கள் ஒவ்வொருவராக நியமிக்க வேண்டும். இந்தப் பங்கீட்டை விளையாட்டு தானாகச் செய்துகொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

முகாமை மறைப்பவருக்குப் பதுங்கும் திறன் அதிகம் இருக்க வேண்டும். அவர் வெற்றி பெற்றால் உங்களை எவரும் கண்டுபிடிக்கும் வாய்ப்பே குறைகிறது. காவலர்களுக்குக் கூர்நோக்குத் திறன் வேண்டும். அவர்கள் வருவதைக் கவனித்தால் குழு தயாராக எழும், தவறவிட்டால் தயாரின்றிச் சிக்கும். இங்கே பலரும் செய்யும் பிழை, கூர்நோக்கு மிகுந்த இருவரையும் ஒரே காவலில் நிறுத்திவிட்டு அடுத்த காவலை மந்தமானவரிடம் கொடுப்பது. தாக்குதல் எந்தக் காவலில் வரும் என்பது தெரியாது என்பதால், நல்ல கண்களைப் பிரித்து, சாமத்துக்கு ஒன்றாக நிறுத்துங்கள்.

கட்டுச்சோறு இந்த விளையாட்டில் இன்னொரு கணக்கு. ஒவ்வோர் ஓய்வுக்கும் உணவு செலவாகிறது. மூட்டை கனமானது என்பதால் அளவின்றிச் சுமக்கவும் முடியாது. திறந்த வெளியில் வேட்டையாடி உணவு தேடலாம். ஆனால் வேட்டை கூடுதல் மணி நேரங்களை விழுங்கும். குகைகளுக்குள் அதுவும் இயலாது. ஆகவே, வெளியில் படுக்கும்போது வேட்டையாடி, மூட்டையில் இருப்பதைக் குகைக்கென்று காப்பது நல்லது. நேரத்தை வீணாக்கவும் இங்கே இடமில்லை: கதையின் தொடக்கத்திலேயே கொள்ளையர் தலைவனான ஸ்டாக் லார்டை ஒழிக்க மூன்று மாதக் கெடு விதிக்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் ஓலெக்கின் வணிகச் சாவடி உங்களுக்குப் பாதுகாப்பான படுக்கையும், உணவு வாங்கும் கடையும் ஆகும். திடீர்த் தாக்குதலில் திணறினால், 2020இல் சேர்க்கப்பட்ட முறைவைத்து ஆடும் வசதியை அந்தச் சண்டைக்கு மட்டும் இயக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவராக யோசித்து நகர்த்த அது பேருதவி.

இதன் அடுத்த விளையாட்டான ராத் ஆஃப் தி ரைட்டியஸ், 2021இல் வந்தது. அதில் உணவுக் கணக்கு இல்லை. மாறாக, பாழ்நிலத்தில் ஓய்வெடுக்க ஓய்வெடுக்கக் குழுவின் மீது தீயசக்தியின் கறை ஏறுகிறது. சமயக் கல்வியில் தேர்ந்த ஒருவரை வழிபாட்டுப் பணியில் அமர்த்துவது அதை மட்டுப்படுத்தும்.

தீவெட்டியும் விறகும்: டார்க்கஸ்ட் டன்ஜன்

ரெட் ஹூக் நிறுவனம் 2016 ஜனவரியில் வெளியிட்ட டார்க்கஸ்ட் டன்ஜனில் ஓய்வு மிக அரிது. குறுகிய பயணங்களில் முகாமே கிடையாது. நடுத்தரப் பயணத்துக்கு ஒரு கட்டு விறகும், நெடும் பயணத்துக்கு இரண்டு கட்டும் தரப்படும். முகாமிட்டதும் நால்வருக்கும் சேர்த்து 12 ஓய்வுப் புள்ளிகள் கிடைக்கின்றன. அவற்றைக் காயம் ஆற்றவும், மனஅழுத்தம் தணிக்கவும், அடுத்த சண்டைகளுக்குப் பலம் கூட்டவும் செலவிட வேண்டும். புதியவர்கள் எல்லாப் புள்ளிகளையும் குணமாக்குவதிலேயே செலவிட்டுவிட்டுப் படுப்பதைப் பார்க்கிறேன். குருசேடர், வெஸ்டல், ஹவுண்ட்மாஸ்டர் ஆகிய வீரர் வகையினரிடம் இரவுத் தாக்குதலைத் தடுக்கும் முகாம் திறன்கள் இருக்கின்றன. அப்படி ஒருவர் குழுவில் இருந்தால், அந்தத் திறனுக்கான புள்ளிகளை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பங்கிடுங்கள்.

அந்த விளையாட்டில் இரவுத் தாக்குதல் ஏன் அவ்வளவு கொடியது என்றால், தீவெட்டி முற்றிலும் அணைந்துவிடுகிறது, குழுவின் வரிசையும் கலைந்துவிடுகிறது. பின்வரிசையில் நின்று குணப்படுத்த வேண்டியவர் முன்னால் வந்து நிற்பார். முன்னால் வெட்ட வேண்டியவர் பின்னால் சிக்கிக்கொண்டு எதுவும் செய்ய இயலாமல் நிற்பார். ஆகவே, ஒரே இடத்தில் மட்டும் பயன்படும் திறன்களால் நால்வரையும் நிரப்பாதீர்கள். இடம் மாறினாலும் பயன்படும் ஒரு திறனாவது ஒவ்வொருவருக்கும் இருக்கட்டும். கூடுதலாக ஒன்றிரண்டு தீவெட்டிகளையும் முகாமுக்கென்று மிச்சம் வையுங்கள்.

தாக்குதல் வராத முகாம்

2023 ஆகஸ்டில் லாரியன் நிறுவனம் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 வழியாக இந்த வகைக்குள் வருபவர்கள் இன்று மிகுதி. அவர்கள் பழைய விளையாட்டுகளுக்குத் திரும்பும்போது முகாம்தான் அவர்களை முதலில் தடுமாற வைக்கிறது. மூன்றாம் பாகத்தில் முகாம் என்பது தனி இடம். உறங்கும் குழுவை வழியில் அலையும் கூட்டம் தற்செயலாகத் தாக்குவதில்லை. இயல்பு நிலையில் ஒரு நீண்ட ஓய்வுக்கு 40 அளவு உணவுப் பொருள்கள் செலவாகும், டாக்டிஷியன் என்ற கடினமான நிலையில் அது 80. நாளுக்கு இரண்டு குறு ஓய்வுகளும் உண்டு. அங்கே அஞ்ச வேண்டியது வேறு ஒன்று: நீங்கள் உறங்கும்போது உலகம் காத்திருக்காத இடங்கள் சில உள்ளன. முதல் அத்தியாயத்தில் தீப்பற்றி எரியும் சத்திரத்தைக் கண்ட பிறகு, உள்ளே இருப்பவர்களை மீட்காமல் நீண்ட ஓய்வு எடுத்தால், திரும்பி வரும்போது அவர்கள் உயிருடன் இருக்கமாட்டார்கள். எனவே அந்த விளையாட்டில் உறங்கப் போகும் முன் உயிர்ப்புள்ளிகளை எண்ணுவதைவிட, யாராவது உங்கள் உதவிக்காக அந்த இரவுக்குள் காத்திருக்கிறார்களா என்று பணிக்குறிப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.